முப்பத்தெட்டாம் எண்

இரண்டாம் ஆண்டு தொடங்கிய முதல் நாள் வசந்தாமணி மிஸ் பாடம் எடுக்கவில்லை. கரும்பலகையின் இடது ஓரத்தில் நாற்பத்தாறு என்று எழுதினார். வலது ஓரத்தில் இருபத்தொன்பது என்று எழுதினார். நடுவில், போன வருஷம் இதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்து இந்த வருஷம் வராமல் போன பதினேழு பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார்.

"இவ எங்க?"

"கண்ணாலம் ஆயிருச்சுங்க மிஸ்."

"இவ?"

"இவளுக்குங் கண்ணாலந்தானுங்க. திருச்செங்கோட்டுல."

"இவ?"

"ரெண்டு பேப்பர் போயிருச்சுங்க. போதும் படிச்சுக் கிழிச்சதுன்னு அவிங்கப்பா நிறுத்திப்போட்டாரு."

"இந்தப் புள்ள நல்லாப் படிச்சுட்டிருந்தாளே?"

"அவிங்க ஊருக்குப் பஸ் நின்னுபோச்சுங்க. நாலு மைல் நடந்து வரோணும். ஊட்டுல உடமாட்டேங்கறாங்க."

பின்பெஞ்சிலிருந்து ராசம்மாள், "அடுத்த வருசம் எழுதறக்கு போர்டு பத்தாதுங்க மிஸ்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"இந்த வருசம் இருபத்தொம்பதும் இருபத்தொம்பதாவே இருக்கோணும்" என்றார். "ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குத் தூக்கம் வராது."

பூங்காவனத்தம்மாள் மகளிர் கல்லூரி நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில், சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் அங்கே கணிதப் பட்டப்படிப்புக்குச் சேரும் பெண்களில் பாதிக்கு மேல் மூன்றாம் ஆண்டைப் பார்ப்பதில்லை. வசந்தாமணி மிஸ் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நின்றுபோவாள் என்று தோன்றுகிற ஒவ்வொரு பெண்ணுக்கும், நிற்கமாட்டாள் என்று தோன்றுகிற ஒரு பெண்ணைக் கூட்டாளியாகப் போட்டார். கூட்டாளி வராத நாட்களில் பாடத்தை எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். மூன்று நாள் வராவிட்டால் கார்டு போட வேண்டும். கணக்கு புரியவில்லை என்றால் மத்தியானச் சோற்று நேரத்தில் உட்கார்த்திச் சொல்லித்தர வேண்டும். முக்கியமாக, வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் பல்கலைக்கழகம் ஹால் டிக்கெட் தராது. ஹால் டிக்கெட் வராத பெண்ணை எந்த வீடும் மறுபடி அனுப்பாது.

பெரியநாயகிக்குக் கிடைத்த கூட்டாளி சௌந்திரம்.

இரண்டு பேருக்கும் எதிலும் ஒட்டாது. பெரியநாயகியின் அப்பா நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சர். அவள் படிப்பது முழுக் கட்டணச் சலுகையில். நன்னடத்தை என்று முதல்வர் அம்மா வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சலுகை தொடரும். அவள் வகுப்பில் வாயைத் திறந்து ஒருவரும் கேட்டதில்லை. வருகை எடுக்கும்போது சொல்லும் "யெஸ் மிஸ்" கூட முதல் பெஞ்சைத் தாண்டாது. சௌந்திரமோ பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் வாழையுமாகப் பத்து ஏக்கர் வைத்திருக்கும் வீட்டுப் பெண். நெடுநெடு என்று உயரம். சளி பிடித்தாற்போல மூக்கால் வரும் குரல். அந்தக் குரலால் நாள் முழுக்கப் பேசுவாள். பேசுவாளே தவிர, கணக்கு மட்டும் ஏறாது.

"உனக்கு எதுக்குடி இந்தக் கணக்கு? வேற ஏதாச்சும் எடுத்திருக்கலாமல்ல?" என்று ஒருநாள் பெரியநாயகி மெதுவாகக் கேட்டாள்.

"சீட்டு இதுலதாங் கெடச்சுது" என்றாள் சௌந்திரம். "எனக்கு எதுல கெடச்சா என்ன? காலேசுல பேரு இருக்கோணும், அவ்வளவுதான்."

பிறகு, சோற்றுப் போசியை மூடிக்கொண்டே சொன்னாள். அவளுடைய அப்பா சாகும்போது, மகள் எவ்வளவு படிக்கிறாளோ அவ்வளவும் படிக்க வைப்பேன் என்று அண்ணன் நாச்சிமுத்துவிடம் குலதெய்வத்தின் மேல் சத்தியம் வாங்கியிருந்தார். அண்ணன் சாமிக்குப் பயந்தவன். தானாக நிறுத்த மாட்டான். ஆனால் காலேஜே பெயரை எடுத்துவிட்டால் சத்தியம் அவன் மேல் நிற்காது.

"திருச்செங்கோட்டு லாரிக்காரன் ஒருத்தன் காத்துட்டிருக்கறான். முதல் சம்சாரம் செத்துப்போச்சு. நாலு லாரி இருக்குது. எனக்கும் அவனுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். என்ற பேரு எப்ப ரிஜிஸ்டர்ல இருந்து போகுதோ அன்னிக்குச் சாயங்காலமே எங்கூட்டுல பந்தல் போட்டிருவாங்க." இதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அதனால பெரியநாயகி, நீ கணக்குச் சொல்லித் தராட்டியும் போகுது. என்ற பேர மட்டும் பாத்துக்க."

கார்த்திகை பிறந்ததும் வேலூர்ப் பக்கம் கரும்பு வெட்டத் தொடங்கினார்கள். சௌந்திரத்தின் தோட்டத்தில் வெல்ல ஆலை ஓடியது. ஆலை ஓடினால் பன்னிரண்டு ஆளுக்குச் சமைக்க வேண்டும் என்று அவளை வீட்டில் நிறுத்தினார்கள். முதல் வாரம் இரண்டு நாள் வரவில்லை. அடுத்த வாரம் நான்கு நாள். பெரியநாயகி அன்றன்றைய பாடத்தை எழுதி, செய்தித்தாளில் சுற்றி, வேலூர் பஸ் கண்டக்டர் செங்கோடனிடம் கொடுப்பாள். அவர் தன் தோல்பையில் வைத்துக்கொண்டு போய், சௌந்திரத்தின் ஊர் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி, காத்திருக்கும் அவளிடம் நீட்டுவார். மறுநாள் காலையில் பழைய தாள்கள் வாழைநாரால் கட்டித் திரும்பி வரும். ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்கியிருப்பாள். 'இந்த மூன்றாம் கணக்கு உனக்கே புரிந்ததா?' 'இன்றைக்குப் பாகு முறிந்துவிட்டது, ஆலைக்காரன் என்னைத் திட்டினான்.' இப்படி.

செங்கோடன் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, தெனமும் கட்டுக் கட்டா எழுதறீங்களே, அந்தப் புள்ள படிக்குதுங்களா, அடுப்பெரிக்குதுங்களா?"

பெரியநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுக்குத் தெரிந்த ஒன்று உண்டு. பாடம் போய்ச் சேருகிறது, வருகை போய்ச் சேரவில்லை. விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இப்படியே போனால் தை மாதத்தில் சௌந்திரம் எழுபதுக்குக் கீழே போய்விடுவாள்.

வீரபாகு சாரின் புள்ளியியல் மணியில்தான் அது முதலில் நடந்தது. சார் மேஜைமேல் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு எண்களை மட்டும் கூப்பிடுவார். தலையை நிமிர்த்த மாட்டார். தர்ட்டி ஒன் என்றார். அது பெரியநாயகியின் எண். "யெஸ் சார்." முப்பத்தேழுக்கு யாரோ பதில் சொன்னார்கள். தர்ட்டி எய்ட் என்றார். சத்தமில்லை. பேனா முனை தாளுக்கு மேலே ஒரு விநாடி நின்றது.

"யெஸ் சார்" என்றது மூக்கால் வந்த ஒரு குரல்.

பேனா கோடு போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போயிற்று. வகுப்பே திரும்பிப் பெரியநாயகியைப் பார்த்தது. அவளுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. பின்னாலிருந்து ராசம்மாள் குனிந்து, "அடிப்பாவி, ஊமைக்கு ரெண்டு நாக்கு" என்று காதில் கிசுகிசுத்தாள்.

அதற்குப் பிறகு பழகிவிட்டது. சௌந்திரம் வராத நாட்களில் வீரபாகு சார் மணியிலும், இயற்பியல் மணியிலும், ஆங்கில மணியிலும் முப்பத்தெட்டாம் எண்ணுக்குப் பதில் வந்தது. தன் சொந்தக் குரலில் ஒரு கேள்வி கேட்கத் தைரியமில்லாத பெண், சௌந்திரத்தின் குரலில் தைரியமாக இருந்தாள். பல நாள் அந்தக் குரல் பெரியநாயகியின் சொந்தப் பதிலைவிடத் தெளிவாக விழுந்தது. வசந்தாமணி மிஸ்ஸின் மணியில் மட்டும் அவள் வாய் திறப்பதில்லை. மிஸ் முகம் பார்த்துத்தான் வருகை போடுவார்.

பொங்கல் கழிந்து மிஸ் எல்லோருடைய வருகையையும் கூட்டினார். பெரியநாயகியை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டில் முப்பத்தெட்டாம் வரியின் மேல் அவருடைய விரல் இருந்தது. கார்த்திகை, மார்கழிக் கட்டங்களில் மிஸ்ஸின் மணிகளில் எல்லாம் 'வரவில்லை' என்று இருந்தது. அதே நாட்களில் மற்ற மணிகளில் எல்லாம் வருகைக் கோடு இருந்தது. கண் உள்ளவர்கள் யாரும் அதைத் தவறவிட முடியாது. மிஸ்ஸின் விரல் அந்த வரியின் கடைசிவரை ஊர்ந்து போய் நின்றது.

"எழுபத்தாறு வந்திருச்சு" என்றார். பெரியநாயகியைப் பார்க்காமல் பதிவேட்டை மூடினார். "பரவால்ல. அவிங்க ஊட்டுக்கு நானே கார்டு போட்டரேன்."

அந்த வாரமே ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் அம்மா வசந்தாமணி மிஸ்ஸைப் பாராட்டினார். மாசி பிறக்கப் போகிறது, ஒரு பெண்கூடக் குறையாதது அந்த வகுப்பில் மட்டும்தான் என்றார்.

திங்கட்கிழமை திரும்பி வந்த தாள்கட்டில் சௌந்திரம் நீளமாக எழுதியிருந்தாள். 'மிஸ் போட்ட கார்டு வந்தது. என் பெயர் போய்விடும் என்றுதான் அண்ணன் என்னை நிறுத்தி வைத்தார். போகவில்லை என்று தெரிந்ததும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீ போகாமலே எப்படி எழுபத்தாறு வந்தது என்று கேட்டு அடித்தார். நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்யப் போகிறார்கள். புதன்கிழமை மாதிரித் தேர்வுக்கு எப்படியும் வருவேன். விடாவிட்டாலும் வருவேன். நேரே மிஸ்ஸிடம் போய்ச் சொல்லப் போகிறேன். முதல் மணிக்குத் தாமதமானாலும் ஆகும். அதற்கு மட்டும் சொல்லிவிடு.'

புதன்கிழமை காலையில் நாமக்கல்லில் பஸ் ஏறிய பெரியநாயகி, சௌந்திரம் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தாள். அதில் ஒரு வாழை இலைக் கட்டு கிடந்தது.

"உங்க கூட்டாளியக் காணமுங்க" என்றார் செங்கோடன். "ரெண்டு நிமிசம் நிறுத்திக்கூடப் பாத்தேன். தோட்டத்துப் பக்கமிருந்து ஒருத்தரும் வல்லீங்க."

அடுத்த பஸ்ஸில் வருவாள் என்று முதல் மணிக்குச் சொன்னாள். அதற்கடுத்த பஸ் என்று இரண்டாம் மணிக்குச் சொன்னாள். மாதிரித் தேர்வு மூன்றாம் மணிக்கு என்று அறிவித்திருந்தவர்கள், வினாத்தாள் அச்சாகி வரவில்லை என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். நல்லவேளை, தேர்வு தவறவில்லை என்று மகிழ்ந்து மூன்றாம் மணிக்கும் சொன்னாள். அதன் பிறகு நிறுத்தவும் முடியவில்லை. காலையில் இருந்தவள் மத்தியானம் எங்கே போனாள் என்று கேள்வி வரும். மூன்றே முக்காலுக்கு முடிகிற ஐந்தாம் மணிவரை ஐந்துக்கும் சொன்னாள். புதன்கிழமை வசந்தாமணி மிஸ்ஸுக்கு அந்த வகுப்பில் மணி கிடையாது.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு போலீஸ் ஜீப் வந்தது.

செய்தி ஜீப்புக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்திருந்தது. வியாழக்கிழமை விடிகாலை சௌந்திரத்தின் பிணம் வாய்க்கால் மதகில் ஒதுங்கியிருந்தது. வகுப்பில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராசம்மாள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள். பெரியநாயகிக்கு அழுகை வரவில்லை. வேலூர் பஸ்ஸில் கொடுத்தனுப்புவதற்காக முதல்நாள் எழுதிய தாள்கள் அவளுடைய பைக்குள் இன்னும் இருந்தன.

"ரிஜிஸ்டர எடுத்துட்டு முதல்வர் ரூமுக்கு வா" என்று மிஸ் வாசலில் நின்று சொன்னார். "நீதான அவளோட கூட்டாளி. ஏட்டு ஏதாச்சும் கேட்டா சொல்லோணும்."

முதல்வர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஆத்தாயி உட்கார்ந்திருந்தாள். சௌந்திரத்தின் அம்மா. வெள்ளைச் சேலை. சாவு விழுந்த வீட்டுப் பெண் மூன்றாம் நாள்கூட முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்திருக்கிறார்கள். அவள் பேசாமல் வந்து ஜீப்பில் ஏறிவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சோளக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே முதல்வர் அம்மாவும், வீரபாகு சாரும், ஏட்டு கந்தப்பனும், சௌந்திரத்தின் அண்ணன் நாச்சிமுத்துவும் இருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு முப்பது வயதிருக்கும். வேட்டியும் தோளில் துண்டும். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அழுதவன் கண்கள்தான். அதில் பொய்யில்லை என்று பெரியநாயகிக்குப் பட்டது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தாங்க" என்றார் ஏட்டு. "புதன்கெழம மத்தியானம் துணி தொவைக்கப் போன எடத்துல வழுக்கி உழுந்துட்டதா ஊட்டுல சொல்றாங்க. தலையில காயம் இருக்குது. டாக்டரும் மத்தியானவாக்குல போயிருக்கும்னுதான் சொல்றாரு. அன்னிக்குப் பொண்ணு காலேசுக்கு வரலைன்னு ஒரு வரி எழுதி வாங்கிட்டா முடிஞ்சுது."

மிஸ் பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். புதன்கிழமைக் கட்டங்களில் விரல் வைத்தார்.

வீரபாகு சார் எட்டிப் பார்த்தார். "வந்திருக்குதே!" என்றார். "அஞ்சு மணியும் வந்திருக்குது. என்ற மணி நாலாவது மணி. ரெண்டேமுக்கால் வரைக்கும் என்ற கிளாஸ்ல இருந்திருக்குது."

ஏட்டு நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து பதிவேட்டைப் பார்த்தான். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, சுவரோரமாக நின்ற பெரியநாயகியைப் பார்த்தான். எழுபத்தாறு எப்படி வந்தது என்று தங்கையை அடித்துக் கேட்டும் கிடைக்காத பதில் அவனுக்கு அப்போது கிடைத்துவிட்டது. அவனுடைய தோள்கள் இறங்கின. அவன் பார்வையில் கோபம் இல்லை. நன்றி மாதிரி ஒன்று இருந்தது.

"அப்படித்தானுங்க இருக்கும்" என்றான். "காலேசுக்குத்தாம் போயிருக்குது."

"காத்தால என்னப்பா சொன்ன? துணி தொவைக்கப் போனான்னல்ல சொன்ன?"

"ஆலை ஓடுதுங்க. நானெங்க பாத்தேன்? பொம்பளைங்க சொன்னதச் சொன்னேன். வெடியால கெளம்பி வந்திருக்குது, சாயங்காலம் எங்கயோ போயிருக்குது. யாரு கூடப் போச்சோ, என்ன நடந்துச்சோ." துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "எங்க மானம் போச்சுங்க. ஊட்டுல இருந்தவரைக்கும் பூவாட்டம் வெச்சிருந்தோம்."

ஏட்டு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "அப்ப டாக்டர் சொன்ன நேரந்தாந் தப்பு. ஊட்டுக்காரங்களக் கேக்க ஒண்ணுமில்ல. காலேசு உட்டப்பறம் அந்தப் புள்ள யாரப் பாத்துச்சுன்னுதான் தேடோணும்."

முதல்வர் அம்மாவின் முகம் வெளிறியது. ஆனாலும் பதிவேட்டில் சொன்னபடிதான் என்று தலையசைத்தார்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று பெரியநாயகிக்குத் தெரியும். நன்னடத்தைக் கையெழுத்து இல்லை. சலுகை இல்லை. கல்லூரி இல்லை. பட்டறையில் இழைப்புளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கையால் அப்பா அவளுடைய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த காரியம். பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்துவருகிறாள். ஆனால் யாரு கூடப் போச்சோ என்று நாச்சிமுத்து சொன்னது காதை விட்டுப் போகவில்லை. செத்த பிறகும் சௌந்திரத்தின் பெயரை அவன்தான் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பெயரைப் பார்த்துக்கொள் என்று அவள் சொன்னது இவளிடம்.

"அன்னிக்கு அவ வரலீங்க" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. ஏட்டு எழுந்திருக்கப் போனார்.

"அவ வரலீங்க" என்று மறுபடி சொன்னாள். "நாந்தான் அவளுக்குச் சொன்னேன். அஞ்சு மணியும் நாந்தானுங்க சொன்னேன்."

"என்ன உளர்ற?" என்றார் முதல்வர் அம்மா. "யோசிச்சுப் பேசு. ரிஜிஸ்டர் பொய்யின்னா இந்த கிளாஸே பொய்யின்னு ஆகும். மத்த இருபத்தெட்டுப் பேரு பரீட்சை எழுதறதா, வேண்டாமா?"

பெரியநாயகி சௌந்திரத்தின் கடைசித் தாளைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். ஏட்டு படித்தார். அண்ணன் அடித்தார் என்ற இடத்தில் ஒரு கணம் நின்றார். முதல்வர் அம்மா வாங்கிப் படித்துவிட்டு, "விடாவிட்டாலும் வருவேன்னுதான எழுதியிருக்கறா? அப்ப வந்திருப்பாளே" என்றார்.

"பஸ்சுல ஏறலீங்க. கண்டக்டரக் கேளுங்க."

"வேற பஸ்சுல வந்திருப்பா."

"நான் என்ற காதால கேட்டேன்" என்றார் வீரபாகு சார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது. "அந்தப் புள்ள குரலு எனக்குத் தெரியாதா? மூக்கால பேசும். இந்தப் புள்ளைக்கு வாயத் தொறக்கவே தெரியாதுங்களே."

நாச்சிமுத்து துண்டை முகத்திலிருந்து எடுத்திருந்தான். "சாருங்களே சொல்றாங்க. அப்பறம் என்னுங்க? தோட்டத்துல காரியம் கெடக்குது."

ஏட்டு அவனை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். "சார், நீங்க நம்பரக் கூப்பிடுங்க. அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே."

வீரபாகு சார் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பழக்கத்தால் தலையைக் குனிந்துகொண்டார்.

"தர்ட்டி ஒன்."

"யெஸ் சார்" என்றாள் பெரியநாயகி. அது மேஜைவரை கூடப் போய்ச் சேரவில்லை.

"தர்ட்டி எய்ட்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யெஸ் சார்."

பேனா வீரபாகு சாரின் கையிலிருந்து உருண்டு மேஜையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தாழ்வாரத்திலிருந்து வளையல் இல்லாத ஒரு கை கதவைத் தள்ளித் திறந்தது.

"சாமி" என்றாள் ஆத்தாயி. "வந்துட்டியா சாமி?"

அறை முழுவதும் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் குனிந்துகூடப் பார்த்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கடைசியில் பெரியநாயகியின் முன்னால் வந்து நின்று, அவளுடைய தாடையைப் பிடித்துத் தூக்கி, வாயையே உற்றுப் பார்த்தாள்.

"நீயா கண்ணு பேசுன?"

"ஆமாங்க" என்றாள் பெரியநாயகி. "புதன்கெழமயும் நாந்தானுங்க. அவ வந்ததாச் சொல்றாங்க. அவ வரலீங்க."

ஆத்தாயி மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடா வந்தா? அறைக்குள்ள போட்டுப் பூட்டுனயேடா. சாவி உன்ற மடியிலதானடா இருந்துச்சு."

"அம்மா, வாய மூடு." நாச்சிமுத்து எழுந்துவிட்டான். "புத்தி பேதலிச்சுப் போச்சுங்க இதுக்கு. ரெண்டு நாளாச் சோறு தண்ணி இல்ல."

"தண்ணி கேட்டாளேடா" என்றாள் ஆத்தாயி. அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் ஏட்டு எவ்வளவு கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை.

அவள் பிறகும் திறக்கவில்லை. தான் அப்படி ஒன்றும் சொல்லவேயில்லை என்று அடுத்த மாதம் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள் என்று செங்கோடன் மூலமாகப் பெரியநாயகிக்குத் தெரியவந்தது. அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிள்ளை நாச்சிமுத்து. பத்து ஏக்கருக்கும் ஒரே ஆண் அவன். கல்லூரியில் கூட்டாளி ஏற்பாட்டை நிறுத்தினார்கள். அந்த வகுப்பில் மூன்றாம் ஆண்டுக்குப் போனவர்கள் இருபது பேர். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்த அறையில், உடன் வந்த போலீஸ்காரரிடம் நாச்சிமுத்துவை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, ஏட்டு கந்தப்பன் முழு வெள்ளைத்தாள் ஒன்றை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

பெரியநாயகி சொல்லச் சொல்ல எழுதினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கார்த்திகையில் தொடங்கினாள். எந்தெந்த நாள், எந்தெந்த மணி என்று ஒன்று விடாமல் சொன்னாள். வேறு யாருக்கெல்லாம் இது தெரியும் என்று ஏட்டு கேட்டபோது மட்டும் நிறுத்தினாள்.

ஜன்னலோரம் நின்றிருந்த வசந்தாமணி மிஸ், "எனக்குத் தெரியும்" என்றார்.

முதல்வர் அம்மா, "வசந்தாமணி!" என்றார்.

"பொங்கல் கழிஞ்சதுல இருந்து எனக்குத் தெரியும். எழுதிக்குங்க ஏட்டய்யா. பாத்துட்டு மூடி வெச்சேன். அவிங்க ஊட்டுக்குக் கார்டு போட்டதும் நாந்தான்."

ஏட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் மேலே போய், விட்டுவைத்திருந்த இடங்களை நிரப்பத் தொடங்கினார். பெயர். அப்பா பெயர். வயது. ஊர். தொழில் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். முதல்வர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல என்னன்னு போடறதுங்க?"

முதல்வர் அம்மா பதிவேட்டை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். பெரியநாயகி மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் யாரோ ஆத்தாயியைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுபோனார்கள்.

"மாணவின்னு போடுங்க" என்றாள் பெரியநாயகி.

ஏட்டுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னம்மா?"

"மாணவி" என்று உரக்கச் சொன்னாள். "இன்னிக்குத் தேதிக்கு மாணவிதானுங்க."

அவர் எழுதினார். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். அவள் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.